சாமி பார்க்காமல் இறங்கி வந்தவன்

போன தை மாதம் நான் பருவதமலைக்குப் போய், மேல் கோயிலைப் பார்க்காமலே திரும்பி வந்த கதை எங்கள் காலை நடைக் கோஷ்டியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக யாராவது வந்து சேர்ந்தால், "சார் யார் தெரியுமா? திருப்பதிக்குப் போய் மொட்டை மட்டும் போட்டுக்கிட்டு வந்தவர்" என்று என்னை அறிமுகப்படுத்துகிறார் ஒருவர். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்கு அடுத்து வருவதுதான் எனக்குப் பிடிப்பதில்லை. "அதுவும் 1200 ரூபாய் கூலி குடுத்து ஆள் கூட்டிக்கிட்டுப் போய்!"

ஒரு வருஷம் பொறுத்தாயிற்று. இந்தப் பதிவு சண்டை போடுவதற்காகவே எழுதுகிறேன். கோஷ்டி நண்பர்கள் எல்லோரும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும்.

நான் சொல்வது இதுதான். கையை ஊன்றி ஏற வேண்டிய மலைக்கு முதல் தடவை போகிறவன், அதிலும் 60 தாண்டியவன், அந்த மலை தெரிந்த ஓர் ஆளோடுதான் போக வேண்டும். அந்த ஆள் "போதும், இறங்குங்க" என்றால் இறங்க வேண்டும். முதல் பாதிக்கு நீங்கள் எல்லோரும் தலையாட்டுவீர்கள். இரண்டாவது பாதியில்தான் நமக்குத் தகராறு.

நம் ஊரில் மலை கிடையாது. இருக்கிற மலையெல்லாம் நாம் கொட்டியது. சுரங்கத்து மேல்மண்ணை ஸ்பிரெட்டர் கொட்டி எழுப்பிய மேடுகளைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் மலை என்று படம் வரைந்தார்கள். 34 வருஷம் இரண்டாம் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருந்தவன் நான். பக்கெட் வீல் எந்திரத்தின் இரும்பு ஏணிகளில் ஏறி இறங்கிய கால்கள் இவை. மலையெல்லாம் எனக்கு எம்மாத்திரம் என்ற நினைப்பு இருந்தது. மறைக்கவில்லை.

ஆசையைக் கிளப்பியது என் மகன். இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். வேல்ஸில் ஸ்நோடன் மலைக்குப் பக்கத்தில் கிரிப் கோச் என்று ஒரு முகடு இருக்கிறதாம். கத்தியை நிமிர்த்தி வைத்த மாதிரி, இரண்டு பக்கமும் சரிவு. நடந்து போவதும் இல்லை, கயிறு கட்டி ஏறுவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறுவது. அதற்கு ஸ்கிராம்பிளிங் என்று பேர். அவன் முதல் தடவை போனபோது ஒரு நாள் சம்பளம் கொடுத்து ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு போயிருக்கிறான். "அப்பா, இங்க முதல் தடவைன்னா நிறைய பேர் அப்படித்தான் போறாங்க" என்றான். போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பருவதமலைதான் ஞாபகம் வந்தது.

போனவர்களுக்குத் தெரியும். திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் பக்கம், தென்மகாதேவமங்கலத்திலிருந்து ஒரு வழி, கடலாடியிலிருந்து ஒரு வழி. சுமார் 4500 அடி உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். அங்கே அபிஷேகமும் பூஜையும் நம் கையாலேயே செய்யலாம். கீழே கட்டிய படிகள். பிறகு காட்டுக்குள் கரடுமுரடான கல் பாதை. அதற்கு மேல் செங்குத்துப் பாறை. பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கிச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. வேல்ஸ்காரன் ஸ்கிராம்பிளிங் என்று சொல்வதை நம் ஊர் பாட்டிமார் அரோகரா சொல்லிக்கொண்டு பல காலமாகச் செய்து வருகிறார்கள்.

நான் பௌர்ணமிக் கூட்டத்தில் போகவில்லை. பண்ருட்டி, திருக்கோவிலூர் வழியாக முதல் நாளே திருவண்ணாமலை போய்த் தங்கினேன். லாட்ஜ்காரர் மூலம் மலையடிவார ஊர்க்காரர் ஒருவர் கிடைத்தார். நாற்பது வயதிருக்கும். மலைக்கடைகளுக்குத் தண்ணீர் கேனும் சாமானும் சுமந்து ஏறுகிற ஆள். இரவில் ஏறலாமா என்று கேட்டேன், வெயில் இருக்காதே என்று. "வேணாங்கய்யா, விடிஞ்சி போவோம். கால் வெக்கிற எடம் உங்களுக்குத் தெரியணும்" என்றார்.

காலையில் முதலில் என் காலைப் பார்த்தார். தேய்ந்த செருப்பா, பூட்ஸா என்று. பிறகு கேட்டார்: "ஐயா, சுகர், பிரஷர், நெஞ்சு வலி ஏதாச்சும் இருக்குதா? மாத்திரை ஏதாச்சும் சாப்புடுறீங்களா?"

"ஒண்ணும் இல்ல தம்பி" என்றேன்.

பொய். பத்து வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். அதைச் சாப்பிட்டால் மணிக்கு ஒரு தரம் ஒதுங்க வேண்டும். மலையில் அது தொல்லை என்று அன்று காலை போடாமலே வந்திருந்தேன். இதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது படிப்பாள்.

படிகள் பரவாயில்லை. காட்டுப் பாதையில் மூச்சு வாங்கியது. அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தானாகவே உட்கார்ந்துவிடுவார், எனக்காக என்று காட்டிக்கொள்ளாமல். கடப்பாறைப் படிக்கு வந்ததும் நின்று பாடம் எடுத்தார். இரண்டு கால், ஒரு கை, அல்லது இரண்டு கை, ஒரு கால். மூன்று எப்போதும் பிடியில் இருக்க வேண்டும், ஒன்றுதான் நகர வேண்டும். அட, இது நம் ஏணிப் பாடம்தானே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாதுகாப்பு வகுப்பில் நமக்குச் சொன்ன அதே மூன்று பிடி. அதற்கு மேல் அவர் சொன்னது எந்த வகுப்பிலும் கேட்காதது. கையால் உடம்பை இழுக்காதீர்கள், கை கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும், காலால் எழும்புங்கள். முட்டியை ஊன்றாதீர்கள், முட்டிக்குப் பிடி கிடையாது. பயத்தில் பாறையோடு ஒட்டிப் படுக்காதீர்கள், ஒட்டினால் பாதம் வழுக்கும், இடுப்பை வெளியே வைத்தால் எடை பாதத்தில் இறங்கும். கல்லைப் பிடிக்குமுன் தட்டிப் பாருங்கள்.

ஏறினேன். பொய் சொல்லவில்லை, அந்த அரை மணி நேரம் என் ஆயுளில் நல்ல அரை மணி நேரங்களில் ஒன்று. 66 வயதில் கைக்கும் காலுக்கும் புதிதாக ஒன்று கற்றுக்கொடுப்பது சாதாரணமில்லை. இரும்பு குளிர்ந்திருந்தது. கீழே மரங்களின் தலை தெரிந்தது. அடுத்த பிடி எங்கே என்பதைத் தவிர மனசில் வேறெதுவும் இல்லை. பென்ஷன் இல்லை, மருமகள் இல்லை, எதிர் வீட்டுக்காரன் கட்டும் சுவர் இல்லை.

ஏணிக்கு முன்னால் ஒரு திட்டில் உட்கார்ந்தோம். மேகம் வந்து மூடியது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சங்கிலியில் ஈரம் பூத்தது. தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தேன். விரல் நடுங்கி மூடி பிடிபடவில்லை. பின்மண்டையில் ஒரு கனம், காதில் இரைச்சல். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, நெஜமாச் சொல்லுங்க. மாத்திரை இருக்குதா?"

சொன்னேன்.

"எறங்கிடலாங்கய்யா."

எனக்கு வந்த கோபம்! கோயில் மணிச்சத்தம் மேலே கேட்கிறது. செருப்புக் காலோடு பொடியன்கள் எங்களைத் தாண்டி ஓடுகிறார்கள். ஒரு அம்மாள் இடுப்பில் பிள்ளையோடு ஏறுகிறாள். இன்னும் கொஞ்ச தூரம்தானே, பணம் கொடுப்பது நான்தானே என்று வாய்விட்டே சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "ஏறிடுவீங்க. நீங்க ஏறிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அப்பறம் எறங்கணும்ல?" என்றார்.

இறங்கும்போதுதான் அவர் பேச்சு எனக்குப் புரிந்தது. ஏறும்போது கண்ணுக்கு முன்னால் பிடி தெரியும். இறங்கும்போது பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, காலை வெறும் காற்றில் தொங்கவிட்டுத் துழாவ வேண்டும். அவர் எனக்குக் கீழே நின்று, என் பாதத்தைக் கையால் பிடித்து ஒவ்வொரு கடப்பாறையிலும் வைத்தார். "வலது கால், இன்னும் கொஞ்சம் கீழ, ம்ம், நில்லுங்க." பெற்ற பிள்ளைகூட என் காலை அப்படிப் பிடித்ததில்லை. அந்தக் கைக்குத்தான் கூலி என்று நீங்கள் சிரிக்கிறீர்கள்.

இதைக் கேட்டதும் கோஷ்டியில் வரும் முதல் கேள்வி: "இறங்காம ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" ஒன்றும் ஆகியிருக்காது என்றே வைத்துக்கொள்வோம். மேகம் விலகியிருக்கும், சாமி பார்த்திருப்பேன், திருநீறு கொண்டுவந்து உங்கள் எல்லோருக்கும் கொடுத்திருப்பேன். அப்படியும் அவர் செய்தது சரி. இந்த இடம்தான் உங்களுக்குப் பிடிபட மாட்டேன் என்கிறது, அதுவும் சுரங்கத்தில் வேலை பார்த்த உங்களுக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மழைக்கால ஷிப்ட். பெஞ்ச் ஓரமாக வெடிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு சர்தார் குறுக்கே கைநீட்டி நின்றார். எங்களோடு வந்தவர் பெரிய அதிகாரி. சம்பளத்தில், படிப்பில், எல்லாவற்றிலும் சர்தாருக்கு மேலே. கத்தினார். சர்தார் நகரவில்லை. சுற்றிக்கொண்டுதான் போனோம். அந்த ஓரம் அப்புறம் சரிந்ததா என்று கேட்காதீர்கள். சரியவில்லை. அதனால் சர்தார் தப்பு என்று அன்று எவனும் சொல்லவில்லை. ஆபத்து என்று பட்டால் ஆட்களை வெளியேற்றுவது அவர் கடமை என்று சட்டமே சொல்கிறது. 1952ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் சும்மா வரவில்லை. எத்தனையோ பேர் மண்ணுக்கடியில் போன பிறகு வந்தவை. புதிதாக வருகிறவனுக்குப் பயிற்சி கொடுக்காமல் சுரங்கத்தில் வேலைக்கு இறக்கக்கூடாது என்று 1966இல் தனியாகவே விதி போட்டார்கள். ஹெல்மெட் இல்லாமல் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் உள்ளே வந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவர்கள் நாம். அதே நாம், ரிட்டயர் ஆனதும், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, டார்ச் இல்லாமல், நடு ராத்திரியில், போன இடம் தெரியாத மலையில் ஏறலாம். கேட்டால் பக்தி.

பக்தி என்று சொல்பவர்களிடம் எனக்கு வாதமே இல்லை. நானும் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்தவன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சாமி பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு ஏறுகிறவர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் கேட்கும்போது பிரஷரை மறைக்கிறாரா? அங்கே உண்மையைச் சொல்கிறோம். மலையில் பொய் சொல்கிறோம், நான் சொன்ன மாதிரி. வெள்ளியங்கிரியில் பிப்ரவரியிலிருந்து மே வரை ஏற விடுகிறார்கள். மேலே மூச்சு முட்டி இறந்தார், நெஞ்சு வலியில் இறந்தார் என்று பேப்பரில் செய்தி வருகிறது. அந்த வீட்டில் எல்லோரும் "சாமிகிட்டயே போயிட்டார்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். தோளில் டோலி கட்டி அவரை ஏழு மலை இறக்கியவர்களிடம் யாராவது பேசியிருக்கிறார்களா?

இன்னொரு வாதம், "நம்ம தாத்தன் பாட்டன் எல்லாம் வழிகாட்டி வெச்சா போனான்?" இதைச் சொன்னவர் தமிழ் எம்.ஏ. எனக்குச் சிரிப்பு வந்தது. சார், பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு என்ன? மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. பாட்டுடைத் தலைவன் செங்கண்மாத்து நன்னன். அதுதான் இன்றைக்கு நம் செங்கம். அதில் வரும் நவிர மலைதான் பருவதமலை என்று சொல்கிறார்கள். அந்தப் பாட்டு முழுக்க என்ன? போய் வந்தவன் போகப்போகிறவனுக்கு வழி சொல்வது. ஆற்றுப்படை என்றாலே அதுதானே! பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாதீர்கள், விடிந்து போங்கள் என்கிறார் புலவர். குழிகளில் பாம்பு இருக்கும் என்கிறார். தினைப்புனம் காக்கிறவன் கவண்கல் வீசுவான், மரத்தின் மறைவில் போங்கள் என்கிறார். பாசி பிடித்த இடத்தில் கால் நழுவும், மூங்கிலைப் பற்றிக்கொண்டு போங்கள் என்கிறார். என் வழிகாட்டி அந்தப் பாட்டைப் படித்திருக்க மாட்டார். விடிஞ்சி போவோம் என்று அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அதே புத்திதான். பாட்டன் வழிகாட்டி வைத்துத்தான் போனான் சார். வழிகாட்டிக்குப் பாட்டே பாடி வைத்தான்.

"இரும்பு அடிச்சு, படி கட்டிட்டா ஆள் எதுக்கு?" என்கிறார் நம் சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர். இரும்பைப் பற்றி எனக்கே சொல்கிறாரே. கடப்பாறை இல்லாமல் நானும் ஏறியிருக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைப்பிடி போட்டால் ஏறக்கூடாதவனும் ஏறுகிறான். வெறும் பாறையாக இருந்தால் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். இரும்பு ஏற்றிவிடும், கை நடுங்குவதைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது.

எனக்கு எதிரான வலுவான சாட்சியையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் யாரும் சொல்லாததால். குரங்கணி. 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்து மலையில் காட்டுத்தீயில் 20 பேருக்கும் மேல் செத்தார்கள். தனியாகப் போனவர்கள் இல்லை. கூட்டமாக, கூட்டிப்போகிறவர்களோடு போனவர்கள். ஆள் கூட வந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று கேட்டால் என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆள் இருந்தால் ஆபத்தே வராது என்று நான் சொல்லவும் இல்லை. அந்தக் காடு எந்த மாதத்தில் எப்படிக் காயும் என்று தெரிந்த உள்ளூர்க்காரன் வேண்டும்; வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் வேண்டும்; கூட வருகிறவன் கேட்க வேண்டும். அந்த வருஷமே அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, மலைவாழ் பிள்ளைகளையே வழிகாட்டிகளாக வைத்து நடத்த ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் நம் கோஷ்டியில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது என்ன பேசினோம்? "மலைக்குக் கூடவா டிக்கெட்?" அவ்வளவுதான் பேசினோம். எந்த வழிகாட்டி எப்போது திருப்பி அனுப்பலாம், அனுப்பினால் பணம் உண்டா இல்லையா, திரும்பி வந்தவனை ஊர் என்ன சொல்லும் என்று ஒருத்தரும் பேசவில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். 1820இல் மோன் பிளாங்க் மலையில் ஒரு சம்பவம். வானிலை சரியில்லை என்று தயங்கிய வழிகாட்டிகளை, பணம் கொடுத்த கனவான் வற்புறுத்தி ஏறச் சொன்னதாகச் சொல்வார்கள். பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் செத்தார்கள். கனவான் பிழைத்தார். அடுத்த வருஷமே ஷாமனி ஊர் வழிகாட்டிகள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது. நான் அந்தத் திட்டில் உட்கார்ந்து "பணம் கொடுப்பது நான்தானே" என்று சொன்னபோது அந்தக் கனவானாகத்தான் இருந்தேன். அந்தத் தம்பி தலையாட்டியிருந்தால் எனக்குக் கீழே நின்று விழுகிறவனைத் தாங்கியிருக்க வேண்டியது அவர்தான். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

அவர் முடியாது என்று சொன்னதற்குக் காரணம் பிரஷர் மட்டுமில்லை. முடியாது என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அந்தத் துணிச்சலை நாம்தான் கெடுக்கிறோம். திரும்பி வந்தவனைப் பார்த்து வருஷக்கணக்கில் சிரித்தால், அடுத்தவன் இறங்கச் சொன்னாலும் இறங்க மாட்டான். இறங்க மாட்டேன் என்று நாலு பேர் சண்டை போட்டால், வழிகாட்டியும் சொல்லிச் சொல்லி அலுத்து வாயை மூடிக்கொள்வான். உங்கள் சிரிப்பில் எனக்குள்ள கோபம் என் மானத்துக்காக இல்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

அன்று அடிவாரத்தில் 1200 கொடுத்தேன். "மேல கூட்டிப் போகலியே, 800 போதுங்கய்யா" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. முழுசாகக் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

வருகிற சித்ரா பௌர்ணமிக்கு நம் இந்திரா நகரிலிருந்து பருவதமலைக்கு வேன் போகிறது. 14 பேர். ஒன்பது பேர் 60க்கு மேல். ஸ்டெண்ட் வைத்தவர் இரண்டு பேர், எனக்குத் தெரிந்து. வழி யாருக்குத் தெரியும் என்று ஏற்பாடு செய்கிறவரிடம் கேட்டேன். "டிரைவர் ஒரு தடவ போயிருக்காராம்" என்றார். என் பேரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. தென்மகாதேவமங்கலத்தில் வேனை நிறுத்தி அந்தத் தம்பியையும் அவர் ஊர்க்காரர் இரண்டு பேரையும் கூட்டிக்கொள்ள வேண்டும், விடிந்த பிறகுதான் ஏற வேண்டும். தலைக்கு 300 ரூபாய் கூட ஆகும். ஏற்பாடு செய்கிறவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. வேனில் பேர் கொடுத்தவர்கள் இதைப் படித்தால் அவருக்கு ஒரு போன் போடுங்கள். மாத்திரை டப்பாவையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்; நான் எடுத்து வைத்துவிட்டேன்.